பாம்பன் காற்றும் நரேன் கார்த்திகேயன் காரும்

பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியதும், பக்கத்து சீட்டு பிளஸ் டூ பையன் போனில் நரேன் கார்த்திகேயனின் பழைய கார் பந்தயம் ஒன்றைக் காட்டி, "அண்ணே, சக்கரமெல்லாம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, இந்த வேகத்துல திரும்புனா தூக்கி எறியாதா?" என்றான். ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டி முன்விளிம்பைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் காற்று கையைக் கீழே தள்ளும், அதுதான் பதில். நீட்டப் போனான், கண்டக்டர் முறைத்தார்.

காரின் முன்னும் பின்னும் இருப்பது கவிழ்த்து வைத்த விமான இறக்கை. பழைய பாம்பன் ரயில் பாலம் ஓட்டத்தில் இருந்தபோது, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விடாமல் நிறுத்திவிடுவார்கள். அதில் ஐந்து மடங்கு 290, பந்தயக் கார் சாதாரணமாகத் தொடும் வேகம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், அங்கே விசை ஐந்து மடங்கல்ல, 25 மடங்கு.

சரி, அழுத்தம்தானே வேண்டும், நாலு மூட்டை மணலை ஏற்றினால் போதாதா? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றிய குட்டியானையின் டயர் காலி வண்டியைவிட அழுத்தமாகத் தரையைப் பிடிக்கும், ஆனால் வளைவில் திருப்ப வேண்டிய பாரமும் அதே அளவு கூடிவிடுகிறது, வரவும் செலவும் சரியாகப் போய்விடும். காற்றுக்கு அந்தச் செலவே இல்லை. காரை அதன் எடைக்கும் மேலாக அமுக்கும், பாரம் ஒரு கிராம்கூட ஏறாது.

பிரேக்கில் இது திரும்பிக் கடிக்கும். வேகமாக வரும்போது ஓங்கி மிதிக்கலாம், வேகம் குறையக் குறைய அழுத்தமும் கரைவதால் காலை விட்டுக்கொண்டே வர வேண்டும், இல்லையென்றால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஓட்டுநரின் திறமையில் பாதி அந்தப் பாதத்தில்தான் இருக்கிறது என்பேன்.

கோயம்புத்தூர்காரர் நரேன் 1996-இல் ஃபார்முலா ஆசியா பட்டம் வென்றார், 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர். அந்த ஆண்டு ஜூன் 19-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், சாய்தள வளைவின் அழுத்தமும் காற்றின் அழுத்தமும் சேர்ந்து பின்பக்க இடது டயரை நசுக்க, மிஷ்லின் டயர் போட்ட 14 கார்கள் பந்தயம் தொடங்குமுன்பே ஒதுங்கிவிட்டன. மிச்சம் ஆறு. பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் ஓடிய நரேன் நான்காவது, ஐந்து புள்ளி. ஓசியில் வந்த இடம் என்பவர்கள் உண்டு, டயர் தாங்குவதும் பந்தயம்தான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு டயரில் காற்று பார்க்காமல் கிளம்பும் நம்மாட்களுக்கு இது புரிவது கஷ்டம்.

தங்கச்சிமடத்தில் இறங்கும்போது பையன், "அப்ப எங்க மாமா குட்டியானைக்கும் பின்னாடி றெக்கை மாட்டலாமாண்ணே?" என்றான்.

"உங்க மாமா எவ்வளவுல ஓட்டுவார்?"

"அறுபது."

"25-ல் ஒரு பங்குதான் கிடைக்கும் தம்பி. மேல துணி காயப்போடலாம்."