தொகைமதிப்பு முடிந்தது, உங்கள் பெயர் எதிலும் ஏறவில்லை

2024 இறுதியில் டெப்லட்டோடு நம் தோட்ட லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வந்து விவரம் கேட்டுப் போனார்களே, அது இலங்கையின் சனத்தொகை, வீடமைப்புத் தொகைமதிப்பு. அன்று பெயர் கொடுத்ததால் வாக்காளர் இடாப்பிலும் அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பட்டியலிலும் தாமாகவே சேர்ந்துவிட்டோம் என்று தோட்டங்களில் பலர் நம்பியிருக்கிறார்கள். சேரவில்லை. மூன்றும் வெவ்வேறு பதிவுகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர் போகாது.

ஆகவே கிராம உத்தியோகத்தர் காரியாலயத்தில் வதிவிடச் சான்றிதழ் கேட்கும்போது "தொகைமதிப்பில் பெயர் இருக்கிறதா?" என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியே பிழை. தொகைமதிப்பில் தனிநபர் சொன்ன விவரம் சட்டப்படி இரகசியம். கணக்கெடுக்க வந்தவரே அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாலும் அதை வேறு வேலைக்கு எடுக்க முடியாது. அவர் பார்க்க வேண்டியது வாக்காளர் இடாப்பையும் உங்கள் கையிலுள்ள ஆவணங்களையும்தான். இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. படிவம் தோட்டக் காரியாலயத்தில் தேங்கிக் கிடந்தால், நஷ்டம் காரியாலயத்துக்கு இல்லை.

முதல் தொகைமதிப்பு 1871இல் நடந்தது. 1911இலிருந்து, இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம்மவர்களை 'இந்தியத் தமிழர்' என்று தனியாக எண்ணினார்கள். 2024இல்தான் அதோடு 'மலையகத் தமிழர்' என்ற பெயரும் சேர்ந்தது. 2012இல் இந்தப் பிரிவில் 8 லட்சத்து 39 ஆயிரம் பேர், அதாவது 4.1 வீதம். 2024இல் 2.8 வீதம். இத்தனை பேர் மலையை விட்டு மாயமாகிவிடவில்லை. பலர் இலங்கைத் தமிழர் என்று பதிகிறார்கள். நம்மவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தை அறிந்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும். எந்த இனம் என்று சொல்வது உங்கள் விருப்பம். ஆனால் கேட்காமலே உத்தியோகத்தர் ஒன்றைத் தெரிவு செய்ய இடம் கொடுக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய பொறி குடும்பக் கணக்கு. ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுபவர்களே ஒரு குடித்தனம். ஒரே காம்பராவை (லய அறையை) பலகையால் மறித்து, அப்பா அம்மா ஒரு பக்கமும் மணமான மகன் மறுபக்கமும் தனித்தனி அடுப்பு வைத்திருந்தால், அது இரண்டு குடித்தனம். வருபவரோ முதல் காம்பராப் படியில் நின்றபடி ஒருவரிடமே முழு லயத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு இறங்கிவிடுகிறார். மழை வந்துவிட்டால் இன்னும் வேகம். அடுப்பைக் காட்டிப் பேசுங்கள். அஸ்வெசுமவுக்கு விண்ணப்பிக்கும்போதும் இதே சிக்கல்தான். அங்கே ஒன்றாக எழுதிவிட்டால் கொடுப்பனவும் ஒன்றுதான்.

கொழும்பில் கடையிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் பிள்ளைகள் இன்னொரு ஓட்டை. முன்பு கணக்கெடுப்பு இரவில் எங்கே இருந்தார்களோ அங்கே எண்ணினார்கள். இப்போது வழக்கமாக வசிக்கும் இடத்தில் எண்ணுகிறார்கள். தோட்டத்தில் "அவள் கொழும்பில்" என்று விட்டுவிடுகிறோம். கொழும்பு வீட்டுக்காரர் வேலைக்காரப் பிள்ளையைக் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. கடைசியில் இரண்டு இடத்திலும் இல்லை. அடுத்த முறை எங்கே எழுதினார்கள் என்று அவளிடமே தொலைபேசியில் கேளுங்கள்.

'தோட்டத்துறை' என்பதற்கும் ஒரு வரையறை உண்டு. 20 ஏக்கருக்கு மேற்பட்ட, குறைந்தது 10 தொழிலாளர் வசிக்கும் பெருந்தோட்டமே அந்தக் கணக்கில் வரும். துண்டாடப்பட்ட தோட்டம் கிராமம் ஆகிவிடும். லயம் அதே லயம், கூரைத் தகரமும் அதே தகரம். தோட்டத்துறை வறுமைக் கணக்கில் மட்டும் நீங்கள் இல்லை.

எண்ணிக்கைக்குப் பலன் இருக்கிறது. 2012இல் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவுகளில் தலா இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரு காரியாலயம் என்றால் வரிசை எப்படி நகர்ந்திருக்கும்? கூடுதல் செயலகம் கேட்பதற்கு இப்படிப்பட்ட எண்தான் ஆதாரம்.

காரியாலயத்துக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வாக்காளர் இடாப்புப் பிரதி மூன்றையும் கொண்டு போங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். அரசியலமைப்பு தரும் உரிமை அது. "நாளை வாருங்கள்" என்றால் விண்ணப்பத்தின் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கிக்கொண்டு வாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதையும் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பம் கொடுங்கள்.