கெய்சர் ஓடுற பிளக்கில் கார் ஓடாதா?

கருகிய பிளக் டாப்பைக் கையில் எடுத்ததுமே கதை தெரிந்துவிடும். ஒரு பின் மட்டும் நீலம் பாரித்திருக்கும். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உருகி சாக்கெட்டோடு ஒட்டியிருக்கும். போன வாரமும் ஒன்று. இடம் வழக்கம்போல ஃபிளாட்டின் ஸ்டில்ட் பார்க்கிங்; அதில் சொருகியிருந்தது மின்சாரக் காரின் சார்ஜர். ஏன் இதில் சொருகினீர்கள் என்றால் பதிலும் வழக்கமானதுதான்: "பதினாறு ஆம்பியர் பிளக்தானே சார், கெய்சரே ஓடுதே!"

இந்தக் கெய்சர் கணக்கை முதலில் விடுங்கள். கெய்சர் 2 கிலோவாட். தண்ணீர் சுட்டதும் தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும். அயர்ன் பாக்ஸும் விட்டு விட்டுத்தான் இழுக்கும். 3.3 கிலோவாட் கார் சார்ஜர் அப்படியில்லை. 230 வோல்ட்டில் 14 ஆம்பியருக்கு மேல், எட்டு ஒன்பது மணி நேரம், மூச்சு விடாமல் இழுக்கும். சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைக் கவ்வி கொஞ்சம் தளர்ந்து, அந்த இடத்தில் கால் ஓம் தடை வந்தாலே 50 வாட் சூடு. 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டை சாக்கெட்டுக்குள் சொருகிவிட்டுத் தூங்கப் போவதும் இதுவும் ஒன்றுதான்.

"எம்.சி.பி. இருக்கே, டிரிப் ஆகாதா?" கரன்ட் அதிகமானால் தானாக அணையும் சுவிட்சைத்தான் சொல்கிறார்கள். ஆகாது. அதற்குத் தெரிவது 14 ஆம்பியர் மட்டும். அது சரியான அளவுதானே! பிளக் உருகுவது அதன் கண்ணில் படவே படாது. எம்.சி.பி. ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான். லூஸ் கனெக்‌ஷனுக்கும் ஷாக்குக்கும் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் அசோசியேஷன் கூட்டத்தில் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைவிட மோசமான வேலை ஒன்று நடக்கிறது. எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். உடனே ஒரு எலக்ட்ரீஷியன் வந்து சாக்கெட்டுக்குப் பின்னால் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவார். விளக்கு பச்சையாகும், எல்லோருக்கும் சந்தோஷம். மின்கசிவு தெரிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் டிரிப் ஆகும்; அதையும் பைபாஸ் செய்துவிடுவார். பிறகு என்றைக்காவது வரும் வழியில் நியூட்ரல் அறுந்தால் கார் பாடியிலேயே 230 வோல்ட் நிற்கும். மழை ஈரத்தில் வெறுங்காலோடு கதவைத் தொடும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். தயவுசெய்து அந்த ஜம்பரை இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மீட்டர் போர்டிலிருந்து சார்ஜருக்கென்றே தனி லைன். 16 ஆம்பியருக்கு நாலு ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் ஒயர். சுவரில் மாட்டும் 7.4 கிலோவாட் சார்ஜர் (வால் பாக்ஸ்) என்றால் ஆறு ஸ்கொயருக்குக் குறையவே கூடாது. தூரம் 25 மீட்டரைத் தாண்டினால் பத்து. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம், அதுவும் 'ஏ' டைப். கடையில் கேட்காமல் வாங்கினால் 'ஏசி' டைப்பைக் கொடுத்துவிடுவார்கள். அதன்மேல் அச்சிட்ட குறியைப் பாருங்கள்: மேலே ஒரு அலை, கீழே அரை அலைகள் போட்டிருந்தால் 'ஏ'. ஓர் அலை மட்டும் என்றால் திருப்பிக் கொடுங்கள்; சார்ஜரிலிருந்து கசியும் டி.சி. அதைக் குருடாக்கிவிடும். லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட் பரவாயில்லை. ஐந்தைத் தாண்டினால் எர்த் பிட்டையும் (எர்த் கம்பி புதைத்த குழி) நியூட்ரல் ஜாயின்ட்டையும் பார்க்க வேண்டும். ஈ.பி.யில் வாங்கிய லோடு போதுமா என்பதையும் முதலிலேயே பாருங்கள்.

மாடியிலிருந்து ஒயர் இழுத்துத் தொங்கவிடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்? மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிகளே எக்ஸ்டென்ஷன் கூடாது என்கின்றன. சாக்கெட் தரையிலிருந்து 800 மில்லிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும் என்பதும், 30 மில்லிஆம்பியர் பாதுகாப்பும் அதில் உண்டு. படிக்கத்தான் ஆளில்லை.

அரசுத் திட்டங்களைக் குறை சொல்லாமலும் இருக்க முடியவில்லை. மின்வாகனங்களுக்கான மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி பொது சார்ஜிங் நிலையங்களுக்கு. நல்லது. பார்க்கிங்கில் 20 சதவீதம் மின்வாகனங்களுக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று 2019-லேயே மாதிரிக் கட்டட விதிகளில் சேர்த்தார்கள். அது புதிதாகக் கட்டுவோருக்கு. கார்கள் ராத்திரி நிற்பதோ பெரும்பாலும் பழைய கட்டடங்களில். அங்கே ஒயரை யார் வந்து பார்ப்பது? டிரைவர் இல்லாமல் ஓடும் வண்டி வரப்போகிறதாம். வரட்டும். அதையும் இதே உருகிய சாக்கெட்டில்தானே சொருகப் போகிறோம்!

ஸ்கூட்டர்காரர்களுக்கு: உங்கள் சார்ஜர் இழுப்பது மூன்று நான்கு ஆம்பியர்தான், ஒயர் தாங்கும். ஆனால் வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சொருகாதீர்கள், அரை மணி நேரம் ஆற விடுங்கள். பேட்டரியைக் கழற்றி வாசல் கதவை ஒட்டியோ படிக்கட்டுக்கு அடியிலோ வைத்து சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் நீங்கள் ஓட வேண்டிய வழியே அதுதான்.

இன்று ராத்திரியே ஒன்று செய்யலாம். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து, சுவிட்சை அணைத்துவிட்டு பிளக் டாப்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் சரி. பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றால் மறுபடி ஆன் செய்யாதீர்கள். டாப், சாக்கெட் இரண்டையும் மாற்றுங்கள்.