இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருப்பீர்களா?

இசைத்தட்டு சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "ஒலி சிடியைவிட நன்றாக இருக்குமா?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போடுவீர்களா? 12 அங்குல எல்.பி.யில், அதாவது முழு ஆல்பம் அடங்கும் பெரிய தட்டில், ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 நிமிடம்தான். தட்டைச் சுழற்றும் கருவியான டர்ன்டேபிள் பலவற்றில், ஊசியைத் தாங்கும் கை தானாக மேலே எழாது. ஊசி கடைசி வளையத்திலேயே சுற்றிக்கொண்டு கிடந்து தேயும். வேலைக்கு நடுவே பின்னணியில் பாட்டு ஓடினால் போதும் என்பவருக்கும், பாட்டுக்குப் பாட்டு தாவுகிறவருக்கும் இது ஒத்துவராது.

ஒலியைப் பொறுத்தவரை, புதிதாக வரும் தட்டுகளில் பலவும் டிஜிட்டல் பதிவிலிருந்து வெட்டப்பட்டவையே. தட்டு என்பதாலேயே ஒலி உயர்ந்துவிடாது. போதாக்குறைக்கு, வெளி ஓரத்தில் நொடிக்கு 50 செ.மீ. வேகத்தில் ஊசியைக் கடக்கும் வரி (ஊசி ஓடும் நுண்பள்ளம்), மையத்துக்கு அருகில் 20 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ஸ', 'ச' ஒலிகள் சீறுவது அதனால்தான்.

இதெல்லாம் சம்மதம் என்றால், தட்டுகளுக்கு முன் கருவிக்குச் செலவு செய்யுங்கள். ஊசியின் அசைவை மின்சைகையாக மாற்றும் பகுதிதான் கார்ட்ரிட்ஜ்; பெட்டி வடிவ மலிவு பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் வகை இருக்கும். ஊசியின் அழுத்தம் 4, 5 கிராம்கூட இருக்கலாம், குறைக்க வழியும் இருக்காது. நல்ல காந்த கார்ட்ரிட்ஜுக்கு 1.5 முதல் 2 கிராம் போதும். அதற்காகக் கையின் பின்முனையில் உள்ள எதிர் எடையைத் திருகி இன்னும் லேசாக்கிவிடக் கூடாது. அழுத்தம் குறைந்தால் ஊசி வரிக்குள் துள்ளும்; அந்தத் துள்ளல்தான் வரியின் சுவரைச் சிதைக்கும். கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவே சரி.

ஊசியின் ஆயுள் ஏறத்தாழ 500 முதல் 1000 மணி நேரம். பழைய டர்ன்டேபிள் கைக்கு வந்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள்; அது எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. காந்த கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட் மட்டுமே என்பதால், அதைப் பெருக்கிச் சமன்செய்யும் போனோ ப்ரீ ஆம்ப் வேண்டும். அது இல்லாமல் நேரே ஆம்ப்ளிஃபயரில் செருகினால் பாஸ் எனும் தாழ்ந்த ஒலிகள் இல்லாமல் ஈனமாகக் கேட்கும். டர்ன்டேபிளுக்குள்ளேயே ஒன்று இருந்து, ஆம்ப்ளிஃபயரின் போனோ உள்ளீட்டிலும் செருகினால் ஒலி உப்பிக் கிழியும். "பிளேயர் கெட்டுப்போச்சு" என்ற புகார் பலமுறை இதில்தான் போய் முடிகிறது.

பழைய தட்டு வாங்கும்போது ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். நகத்துக்குத் தட்டுப்படும் கீறல், நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற எல்.பி. வேகத்தில் 1.8 நொடிக்கு ஒருமுறை 'டக்' என்று அடிக்கும். அழுக்கு கழுவினால் போகும். தேய்ந்து சாம்பல் பூத்த வரிகள் எதற்கும் மசியாது. வீட்டுப் பரணில் கிடைப்பவை 78 வேகத் தட்டுகளாக இருந்தால் அவற்றில் பெரும்பாலானவை ஷெல்லாக் என்ற அரக்கால் ஆனவை. எல்.பி. ஊசி அவற்றுக்குச் சிறியது; அகல ஊசி தேவை. ஆல்கஹால் கலந்த துப்புரவு நீர் ஷெல்லாக்கைக் கரைத்துவிடும் என்பதால் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

இட விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். உறையோடு சேர்த்து 100 தட்டுகள் 25 கிலோவைத் தொடும். மெல்லிய பலகை அலமாரி வளையும். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். அடுக்கிப் படுக்க வைத்தாலும், சாய விட்டாலும், வெயில் படும் காரில் மறந்துவிட்டாலும் தட்டு நெளியும். வெளியுறைக்கு பி.வி.சி. வேண்டாம், நாளடைவில் தட்டில் மங்கல் படரும், பாலிஎத்திலீன் நல்லது. உறைப்படத்துக்காகவே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தப்பில்லை, ஆனால் அவர்களுக்கு டர்ன்டேபிள் எதற்கு, சுவரில் மாட்ட ஒரு சட்டம் போதுமே.

இன்னும் முடிவு வரவில்லையா? முதல் பாட்டு முதல் கடைசிப் பாட்டு வரை தாவாமல் நீங்கள் கேட்கும் ஆல்பங்கள் பத்தை ஒரு தாளில் எழுதுங்கள். நாலைந்திலேயே பேனா நின்றுவிட்டால் கருவி வாங்குவதைத் தள்ளிப்போடலாம். பத்தும் வந்துவிட்டால், முதலில் வாங்க வேண்டிய தட்டுகளின் பட்டியலும் அதுவே.