‘நல்லா வேணும்’ எப்போது ‘பாவம்’ ஆகிறது?

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடிக் கதை வாசிப்போம். போன மாதம் ஒரு நண்பர் தான் எழுதிய சிறுகதையை வாசித்தார். செட்டியார் தெருவில் அடகுக்கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி. நிறுக்கும்போது தராசில் விரல் வைப்பார். தாலிக்கொடியை மீட்க ஒருநாள் பிந்தி வந்த பெண்ணிடம் ஒரு மாத வட்டி கேட்பார். இரண்டாம் பக்கத்திலேயே அங்கிருந்த அன்ரி ஒருவர், “இந்த மனுசனுக்கு ஆராவது நல்லாக் குடுக்க வேணும்” என்றார்.

கொடுத்தார்கள். மகளுக்கு லண்டன் மாப்பிள்ளை என்று ஒரு தரகர் வருகிறார். அப்படி ஒரு மாப்பிள்ளையே இல்லை என்பது நமக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியாது. சீதனக் காசில் பாதி கைமாறிவிட்டது. கடைசிக் காட்சியில் அவர் மாப்பிள்ளையை எதிர்பார்த்து, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பயணிகள் வெளியே வரும் வாசலில் நிற்கிறார். புதுச் சட்டை, காலரில் விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது. கையில் மகள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஃபிளாஸ்க். எல்லாரும் போன பிறகும் மூடியைத் திறந்து, சூடு இருக்கிறதா என்று பார்க்கிறார்.

அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பாவம், மனுசனைப் பேய்க்காட்டிப்போட்டாங்கள்.”

இருபது நிமிடத்துக்குள் மனம் இப்படிப் புரண்டது எப்படி?

வாசகர் மனதுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். டொல்ஃப் சில்மான் என்ற உளவியலாளர் 1970களிலிருந்து வளர்த்த கோட்பாடு ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: பாத்திரங்களின் நடத்தையைப் பார்த்து நாம் விடாமல் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே போகிறோம், பிடிக்காதவருக்குக் கெட்டது நடந்தால் மகிழ்கிறோம். மூளையிலும் இதன் தடம் தெரிகிறது. தானியா சிங்கரும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பண விளையாட்டில் நேர்மையில்லாமல் நடந்தவருக்குக் கையில் வலி கொடுப்பதை மற்றவர்கள் பார்த்தார்கள். பார்த்த ஆண்களுக்குப் பிறர் வலியை உணரும் பகுதிகளின் செயல்பாடு வெகுவாகக் குறைந்தது. வெகுமதி கிடைக்கும்போது வேலை செய்யும் பகுதியோ கூடுதலாக இயங்கியது. பெண்களிடம் அந்தக் குறைவு சொற்பம்தான். ஆக, ‘நல்லா வேணும்’ வெறும் வாய்ப்பேச்சு இல்லை.

சரி, அப்படியென்றால் விமான நிலையக் காட்சியில் நாம் சிரித்திருக்க வேண்டுமே?

பொய் என்பது வாசிக்கிறவரிடம் ஒரு கூடுதல் வேலை வாங்குகிறது. 1983இல் விம்மர், பெர்னர் என்ற உளவியலாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி சாக்லேட்டை நீல அலுமாரியில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாத நேரம் அம்மா அதைப் பச்சை அலுமாரிக்கு மாற்றிவிடுகிறார். வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக்காரர்கள் பெரும்பாலும் பச்சையைத்தான் காட்டினார்கள். ஆறு முதல் ஒன்பது வயதுள்ளவர்களில் 86 வீதமானோர் சரியாகச் சொன்னார்கள். தனக்குத் தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொருவரின் தவறான நம்பிக்கைக்குள் நின்று பார்ப்பது பிற்பாடு வரும் திறமை. அதைச் செய்யும்போது வலது காதுக்குப் பின்னால் சற்று மேலே இருக்கும் மூளைப்பகுதி முனைப்பாக இயங்குவதை சாக்ஸும் கன்விஷரும் 2003இல் காட்டினார்கள்.

ஏமாறுகிறவரின் தலைக்குள் போகாமல் ஏமாற்றுக் கதையை வாசிக்கவே முடியாது. முதலாளியை எவ்வளவு வெறுத்தாலும், அந்த வாசலில் அவரோடு சேர்ந்து நாமும் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

ஆனால் இது மட்டும் போதாது. நகைச்சுவைக் கதையிலும் இதே வேலைதானே நடக்கிறது? நண்பரின் முதல் வரைவில் லண்டன் மாப்பிள்ளை இல்லை, மலிவு விலையில் வந்த ஒரு போலித் தங்கக்கட்டிதான் இருந்தது. உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டே மனுசன் ஏமாறுகிறார். அன்றைக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பேராசை வழியாகப் பொய் நுழைந்தால் கணக்கு நேராகிவிடுகிறது. மகள்மீது வைத்த பாசம் வழியாக நுழைந்தால், அதை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று கணக்குப்பிள்ளைக்குத் தெரிவதில்லை. இது என் கணிப்புத்தான், ஆய்வு முடிவு அல்ல.

தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவுக்கு, அதாவது இழப்புக்கு, முன்னால் இளிவு, அதாவது சிறுமைப்படுதல். சீதனக் காசு போனதற்காக அன்ரி கண் கலங்கவில்லை. காலரில் தொங்கிய அந்த விலைச்சீட்டுத்தான் காரணம்.

கதையில் இன்னொரு வரி சேர்க்கலாமா என்று நண்பர் கேட்டார்: தரகருக்குக் கொடுத்தது அந்தப் பெண்ணின் தாலிக்கொடியை விற்ற காசு. “அதைப் போடாதேங்கோ தம்பி,” என்றார் அன்ரி, “பிறகு நான் ஆருக்கு அழுகிறது?”