இரண்டு அட்டை, ஒரு துடைப்பம்

மஞ்சள் பையிலிருந்து அந்த அம்மா எடுத்து மேசைமேல் வைத்தவை இரண்டு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டைகள். பெயரும் பிறந்த தேதியும் ஒன்றே. காப்பீட்டு எண் மட்டும் வேறு. நகராட்சி ஒன்றில் மூன்றரை ஆண்டுகளாக ஒரே வார்டில் தெருக் கூட்டியவர். நடுவே டெண்டர் கைமாறியது. புதிய ஒப்பந்ததாரர் பழைய எண்ணைக் கேட்காமலேயே புதிதாகப் பதிந்துவிட்டார். எட்டாவது மாதம், ஆள் அதிகம் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

“அட்டை இரண்டு இருக்கிறதே, பணமும் இரண்டாக வருமா சார்?” என்று கேட்டார்.

ஒன்றுகூட வராது என்பதை எப்படிச் சொல்வது? வேலை இழந்த ஈ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு உதவித்தொகை தரும் திட்டம் இருக்கிறது. அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். அதனால்தானோ என்னவோ, என்னிடம் வரும் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோருக்கு இது தெரிவதில்லை. 2018 ஜூலையில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, கெடு முடியும்போதெல்லாம் நீட்டித்து வருகிறார்கள். சராசரி நாள் ஊதியத்தில் 25 சதவீதம் என்றிருந்ததைக் கொரோனாக் காலத்தில் 50 ஆக்கினார்கள். வாழ்நாளில் அதிகபட்சம் 90 நாள். நாளுக்கு 600 ரூபாய் வாங்கியவருக்கு, பாதி என்று கணக்கிட்டால், 27,000 ரூபாய். வேலை போய் 30 நாள் கழிந்ததும் தொழிலாளியே நேரில் விண்ணப்பிக்கலாம். முதலாளியின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் இரண்டு ஆண்டுகள் காப்பீட்டுக்கு உட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும். கடைசிப் பங்களிப்புக் காலத்தில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) 78 நாள், அதற்கு முந்தைய மூன்றில் ஏதேனும் ஒன்றில் 78 நாள் சந்தா ஏறியிருக்க வேண்டும். இந்த அம்மாவின் புதிய எண்ணில் இருப்பது எட்டு மாதம். மீதிக் காலமெல்லாம் பழைய எண்ணில் உறங்குகிறது. துடைப்பம் மாறவில்லை, தெரு மாறவில்லை. கணினிக்கு மட்டும் அவர் இரண்டு ஆள்.

இன்னொரு முடிச்சும் இருந்தது. மாதச் சந்தாப் பட்டியலில் ஒருவருக்கு ஊதியம் இல்லையென்றால் ஒப்பந்ததாரர் காரணம் குறிக்க வேண்டும். ஆட்குறைப்பு, வேலை இல்லை என்றெல்லாம் தனித்தனியே இருக்கின்றன. இவருக்குக் குறித்திருந்தது ‘வேலையை விட்டுச் சென்றார்’. ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்கு 24 மாதம் வரை உதவித்தொகை தரும் ராஜீவ் காந்தி திட்டம் 2005-லிருந்து இருக்கிறது. அந்தக் கதவு இந்த ஒரு சொல்லில் சாத்தப்படுகிறது. எழுதியவர் தீய எண்ணத்தோடு எழுதினார் என்றுகூட நான் நினைக்கவில்லை. பட்டியலில் கைக்கு முதலில் அகப்படுவது அதுதான்.

ஆகவே தொகையைக் கூட்டுங்கள் என்பதல்ல என் முதல் கோரிக்கை. நகராட்சி இதிலிருந்து கைகழுவ முடியாதபடி செய்யுங்கள் என்பதுதான். ஒப்பந்தத் தொழிலாளியின் சந்தாவையும் முதன்மை வேலையளிப்பவரே, அதாவது இங்கே நகராட்சியே, முதலில் கட்ட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டமே 40-ஆம் பிரிவில் சொல்லியிருந்தது. கட்டியதை ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ள 41-ஆம் பிரிவு இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இவ்விரண்டையும் சொல்கிறது. பில்லை நிறுத்தும் அதிகாரமும் நகராட்சியிடம்தான். அப்படியிருக்க, பணியிலிருப்போரின் பழைய காப்பீட்டு எண்ணிலேயே சந்தா கட்ட வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்க்க என்ன தடை? வேலை நீங்கிய காரணத்தை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு நகராட்சி சுகாதாரப் பிரிவு உறுதிசெய்த பிறகே கடைசி பில் போக வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மன்றத் தீர்மானம் போதும்.

அந்த அம்மாவுக்காக இரண்டு எண்களையும் இணைக்கக் கோரும் மனுவை எழுதினேன். ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், இரண்டு அட்டைகளின் நகல். வெளியேறிய காரணத்தைத் திருத்தக் கேட்டு ஒப்பந்ததாரருக்கு ஒரு கடிதம், அதன் பிரதி நகராட்சி ஆணையருக்கு. கையெழுத்துப் போட்டுக்கொண்டே, அடுத்த வாரம் பக்கத்து வார்டில் வேறொரு மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார். ஆதார் அட்டையும் போட்டோவும் கேட்டிருக்கிறாராம். ஈ.எஸ்.ஐ. எண் கேட்டாரா என்றேன்.

கேட்கவில்லை. பழைய எண்ணை ஒரு துண்டுத்தாளில் பெரிதாக எழுதி, ஆதார் அட்டையோடு சேர்த்துப் பின் குத்திக் கொடுத்தேன்.