போராட்டப் படத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது?

1976 ஏப்ரல் 5. பாஸ்டன் நகர மன்ற வளாகத்தில் ஸ்டான்லி ஃபோர்மன் எடுத்த படம் அது. வெள்ளையின இளைஞன் ஒருவன் அமெரிக்கக் கொடிக்கம்பை ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு, சூட் அணிந்த ஒரு கருப்பினத்தவரைக் குத்த வருவதாகத் தெரியும். பின்னால் ஒருவர் அவருடைய கைகளை மடக்கிப் பிடித்திருப்பதாகவும் தோன்றும். கம்புக்கு எதிரே நின்றவர் வழக்கறிஞர் டெட் லேண்ட்ஸ்மார்க். பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்க, பிள்ளைகளைப் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்ப நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அதை எதிர்த்து வந்த கும்பலிடம், நகர மன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்த அவர் சிக்கிக்கொண்டார்.

தாக்குதல் உண்மை, அதன் இனவெறியும் உண்மை. ஆனால் கொடி ஈட்டியாகப் பாயவில்லை, பக்கவாட்டில் வீசப்பட்டது. லேண்ட்ஸ்மார்க்கின் மூக்கு அதற்கு முன்பே விழுந்த குத்துகளில் உடைந்துவிட்டது. பின்னால் நிற்பவர் அவரைத் தூக்கிவிட்டுக் காப்பாற்றப் பார்த்தவர். 1977இல் புலிட்சர் பரிசு பெற்ற இந்தப் படத்தில் யாரும் கைவைக்கவில்லை, எந்தத் திருத்தமும் செய்யவில்லை. அப்படியிருந்தும் பார்ப்பவர் தவறாகப் புரிந்துகொள்கிறார். ஒரு நொடியின் சில நூறில் ஒரு பங்கு நேரமே திறந்து மூடும் ஷட்டர், அசைவு எந்தத் திசையில் போனது என்பதைப் பதிவு செய்வதில்லை. கைகலப்புப் படம் என்றால் முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களை படப் பிரிவு ஆசிரியர் கேட்டு வாங்க வேண்டும் என்பது இதனால்தான். அவை இல்லாமல் "தாக்குகிறார்", "பிடிக்கிறார்" என்று படக்குறிப்பு எழுதக் கூடாது.

எந்த ஃபிரேம் அச்சேறுகிறது என்பதிலும் அரசியல் இருக்கிறது. 1963 மே 3 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில், கருப்பினத்தவரின் உரிமை ஊர்வலத்தின்போது, அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) செய்தி நிறுவனத்துக்காக பில் ஹட்சன் எடுத்த படம் மறுநாள் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்தது. போலீஸ் நாய் ஒரு கருப்பின மாணவன் மேல் பாய்கிறது. சாந்தமாக அடிவாங்கும் பிள்ளையின் படம் என்றே உலகம் அதை நினைவில் வைத்திருக்கிறது. அவனுடைய இடது முழங்காலைப் பாருங்கள். நாயைத் தடுக்க அது மேலே எழுந்திருக்கிறது. அவன் ஊர்வலத்தில் வந்தவனும் இல்லை, வேடிக்கை பார்க்க நின்றவன். வடக்கு மாநிலங்களின் வெள்ளையின வாசகர்களை உலுக்கியது எதிர்க்காத உடல்தான். அதனால் எதிர்த்து நின்ற கருப்பினத்தவரின் படங்கள் பின்தள்ளப்பட்டன என்பது எங்கள் கருத்து. அந்தப் படங்கள் சட்டங்களை மாற்ற உதவின, அதை மறுக்க முடியாது. ஆனால் போராடியவர்களின் துணிவில் ஒரு பாதி அவற்றில் காணாமல் போனது.

இப்போது நிலைமை தலைகீழ். பகலில் மணிக்கணக்கில் அமைதியாக நடக்கும் ஊர்வலத்தை இரவில் எரியும் ஒரே கார் முந்திவிடுகிறது. இருட்டில் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை, நெருப்புக்கு ஏற்ப வைத்தால் சுற்றியுள்ள எல்லாமே கருப்பாகிவிடும். ஆளில்லாத தெருவும் திறந்திருக்கும் கடையும் மறைந்து, நகரமே எரிவது போலத் தோன்றும். 24 மிமீ அகலக் கோண லென்ஸோடு தீக்கு அருகில் போனால் சுவாலை ஃபிரேமை நிரப்பும்; பத்தடி பின்னால் நிற்கும் ஆள் பொம்மை அளவுக்குச் சுருங்கிவிடுவார். மாறாக, வெகுதூரத்தில் நின்று 200 மிமீ, 400 மிமீ தொலைநோக்கு லென்ஸில் எடுத்தால் இடைவெளி விட்டு நிற்கும் சிலரும் தோளோடு தோள் ஒட்டிய கூட்டமாகிவிடுவார்கள். இந்த நெருக்கத்தை உண்டாக்குவது நிற்கும் தூரம். லென்ஸ் அந்தத் தூரத்திலிருந்து எடுக்க வழிசெய்கிறது, அவ்வளவுதான். கூட்டத்தின் அளவைக் கண்மட்டத்தில் எடுத்த படத்தை வைத்து ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால்கூடத் தெரியாது.

ஓரத்தை வெட்டுவது இன்னும் எளிய வழி. 2017 ஜனவரியில் டிரம்ப் அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற விழாவில் கூட்டம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் படங்களில் வெற்றிடம் வெட்டப்பட்டது 2018இல் வெளியான ஆவணங்களால் தெரியவந்தது. அதே துறை கூட்ட எண்ணிக்கை சொல்வதை ஏற்கெனவே கைவிட்டிருந்தது. 1995இல் வாஷிங்டனில் கருப்பின ஆண்கள் திரண்ட 'மில்லியன் மேன் மார்ச்' பேரணியின் எண்ணிக்கைக்காக எழுந்த சண்டைதான் காரணம்.

உங்கள் கைபேசிக்கு ஒரு போராட்டப் படம் வந்தால் முதலில் படக்குறிப்பைத் தேடுங்கள். ஊர், தேதி, எடுத்தவர் பெயர், நிறுவனம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது கோப்புக்குள் இருக்கும் மெட்டாடேட்டா உதிர்ந்துவிடும். அதனால் எடுத்த தேதியைக் கோப்பிலிருந்து அறிய முடியாது. கூகுள் லென்ஸ், டின்ஐ ஆகிய படத் தேடல் கருவிகளில் தேடி, கிடைப்பதில் பழைய தேதியையும் அகலமான வடிவத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டப்பட்ட பகுதி அங்கே கிடைக்கும். பிறகு கடைப் பலகை, வாகன எண் தகடு, போலீஸ் சீருடையின் கைப்பட்டை ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பார்த்து மாநிலம் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். 2020இல் மினசோட்டாவில் எரிந்த கட்டடத்தின் படம் சியாட்டில் செய்தியோடு ஓடியது.

படம் எடுப்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் 1968இல் "நான் ஒரு மனிதன்" என்ற பதாகைகளோடு வரிசையாக நின்றதை எடுத்தவர் எர்னஸ்ட் விதர்ஸ். கருப்பினத்தவரின் உரிமை இயக்கத் தலைவர்கள் அவரை முழுமையாக நம்பினார்கள். அவர் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்குத் தகவல் கொடுத்து வந்தவர் என்பது அவர் இறந்து 3 ஆண்டுகள் கழித்து, 2010இல் வெளிவந்தது. இன்று அப்படி ஒருவர் தேவையில்லை. இணையத்தில் ஏற்றிய தெளிவான முகத்தை முக அடையாள மென்பொருளே கண்டுபிடித்துவிடும். முகத்தை மங்கலாக்கித் தருவதை ஏபி போன்ற நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஆகவே அடையாளம் காட்டக் கூடாதவர்களை எடுக்கும்போதே முதுகுப் பக்கமிருந்து, பின்வெளிச்சத்தில், பதாகையும் கைகளும் முதன்மையாகத் தெரியும்படி எடுங்கள். பச்சை குத்தல், காலணி, பை ஆகியவையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். களத்துக்குப் போகும் முன் கைபேசியில் விரல்ரேகை, முகப் பூட்டு இரண்டையும் அணைத்துவிட்டு, 6 இலக்கத்துக்குக் குறையாத கடவு எண் வையுங்கள். கைது செய்யப்பட்டவரின் கைபேசியைத் துழாவப் பொதுவாக வாரண்ட் வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருக்கிறது. வாரண்ட் கேட்கும் உரிமையைக் கேமராவின் மெமரி கார்டுக்கும் சேர்த்தே வலியுறுத்துங்கள்.