ஓடையை மீட்கிறோமா, மறுசீரமைக்கிறோமா?

கிராமத்து ஓடைக்கு உயிர் கொடுக்க ஊரே முன்வந்தால் நிதி தருகிறோம் என்று அறிவிக்கும் தமிழ் அறிக்கை எதை எடுத்தாலும் ஒரே தொடர்தான்: ‘சமூகத் தலைமையிலான நீரோடை மறுசீரமைப்பு’. ‘community-led stream restoration’ என்ற ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பு அது. விண்ணப்பப் படிவத்திலும் அதுதான், பயிற்சிக் கையேட்டிலும் அதுதான். இலக்கணப்படி இதில் குற்றமில்லை. பொருள்தான் தவறு. அந்தத் தவறு கடைசியில் ஓடைக்குள் கான்கிரீட்டாகப் போய் நிற்கிறது.

ஓடு என்ற வினையிலிருந்து வந்தது ஓடை. தன் போக்கில் ஓடுவது. வாய்க்கால் நாம் வெட்டியது. சீர் என்றால் ஒழுங்கு, சீரமைப்பு ஒழுங்குபடுத்துவது, மறு சேர்ந்தால் வேறோர் ஒழுங்கில் வைப்பது. வேர் இவ்வளவுதான்.

இனி வழக்கைப் பாருங்கள். 1956இல் மாநில மறுசீரமைப்புச் சட்டம் வந்தது. பழைய எல்லைகளை அது திருப்பித் தரவில்லை. மொழியை வைத்துப் புதிதாக வரைந்தது. தொகுதி மறுசீரமைப்பு என்றாலும் புதுக் கோடுகள்தான். கடன் மறுசீரமைப்பு என்றால் தவணையும் வட்டியும் மாறும். மூன்றிலும் ஒரே பொருள்: இருந்ததைக் கலைத்து, நமக்குத் தோதாக அடுக்குவது. ஓடைக்கு நாம் செய்ய நினைப்பது இதற்கு நேர் எதிரானது. அது இழந்த வளைவுகளைத் திருப்பித் தர வேண்டும். வெள்ளம் பரவி வடியும் தாழ்நிலத்தோடு அதை மறுபடி சேர்க்க வேண்டும். கரையில் வேர் பிடிக்க வேண்டும். அடியில் கூழாங்கல்லும் மணலும் தங்க வேண்டும்.

அமெரிக்காவின் புளோரிடாவில் கிஸ்ஸிமி என்றோர் ஆறு. வளைந்து நெளிந்து 103 மைல் ஓடியதை, 1962 முதல் 1971 வரை வெள்ளத் தடுப்புக்காக வெட்டி நேராக்கி 56 மைல் கால்வாயாக்கினார்கள். சதுப்பு நிலம் காய்ந்தது, நீர்ப்பறவைகள் போய்விட்டன. பிறகு 1999இல் அந்தக் கால்வாயின் நடுப்பகுதியை மண்ணிட்டு மூடத் தொடங்கி, 2021இல் கட்டுமான வேலையை முடித்தார்கள். சுமார் 44 மைலுக்குப் பழைய தடத்தில் நீர் திரும்பியது. முதலில் நடந்ததுதான் மறுசீரமைப்பு. இரண்டாவது நடந்தது மீட்பு. அழித்ததையும் திருத்தியதையும் ஒரே சொல்லால் சுட்டும் மொழிபெயர்ப்பை எப்படி ஏற்பது?

சொல்லில் என்ன இருக்கிறது என்பவர்கள் ஒரு எஸ்டிமேட்டைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். ‘மறுசீரமைப்பு’ என்று தலைப்பிட்டதும் கீழே வரிசையாக வருபவை: தூர்வாருதல் இத்தனை கன மீட்டர், கல் பதிப்பு இத்தனை சதுர மீட்டர், தடுப்புச் சுவர் இத்தனை மீட்டர். எல்லாம் அளந்து எம்-புக் என்னும் அளவுப் பதிவேட்டில் ஏற்றி, ஒரே கோடையில் பில் போடக்கூடியவை. கரையில் நட்ட நொச்சிக்கும் நீர்மருதுக்கும் வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றுவது யார்? ஆடுமாடு மேயாமல் காவல் காப்பது யார்? தண்ணீர் எந்த மாதம் வற்றுகிறது என்று ஆண்டுதோறும் குறித்து வைப்பது யார்? இவற்றுக்கு அதில் கட்டமே கிடையாது. ஊராருக்குக் கூலியாகப் போக வேண்டிய பணம் பொக்லைன் வாடகையாகப் போகிறது.

புனரமைப்பு என்பார்கள் சிலர். பாதி வடமொழி என்பதைக்கூட விட்டுவிடலாம். அது கோயிலுக்கும் கட்டடத்துக்கும் பழகிய சொல். மீளுருவாக்கம் என்பதும் ஒட்டாது, ஓடையை நாம் உருவாக்கவில்லை. குடிமராமத்து அருமையான சொல், நம் வரலாறு அதில் இருக்கிறது. 2017இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் தொடங்கிய திட்டத்தில் விவசாயிகள் தங்கள் பங்காக 10 விழுக்காட்டைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம் என்று வைத்தார்கள். அந்த ஏற்பாட்டை மதிக்கிறேன். ஆனால் மராமத்து, அரபியிலிருந்து வந்த சொல், பழுதுபார்ப்பது என்று பொருள். ஏரிக்கரைக்கும் மதகுக்கும் சரி. ஓடைக்கு ஏது மதகு?

சரியான சொல் மீள் என்ற வேரில் காத்திருக்கிறது. ஆள் ஆட்சியானதுபோல் மீள் மீட்சியாகும்: தானே திரும்பி வருவது. பிறர் திருப்பிக் கொண்டுவந்தால் மீட்பு. இந்த இரண்டும் நமக்கு வேண்டும். ஊரார் செய்யும் வேலை ஓடை மீட்பு. அதன் பலனாக ஓடையிடம் தெரிவது மீட்சி. ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில் அர்வரி ஆறு அப்படித்தான் வந்தது. 1980களிலிருந்து ஊர்மக்கள் உழைப்பைப் பங்காகத் தந்து ஜோஹட் என்னும் மண் தடுப்புகளை நீர்பிடிப்புப் பகுதியெங்கும் கட்டினார்கள். நிலத்தடி நீர் ஏறியது. வறண்டு கிடந்த ஆறு 1990களில் ஆண்டு முழுவதும் ஓடியது. மக்கள் செய்தது மீட்பு, ஆறு கண்டது மீட்சி. நிதி ஒப்பந்தத்திலும் இந்த இரண்டையும் பிரித்தே எழுத வேண்டும். முதல் தவணைகள் மீட்பு வேலைக்கு. பின்னால் சில ஆண்டுகளுக்குச் சிறு தொகை, மீட்சியைக் கவனித்துப் பராமரிக்க. மறுசீரமைப்பு என்ற ஒற்றைச் சொல்லில் இந்தப் பிரிவுக்கு இடமே இல்லை.

மீட்பு என்றால் வெள்ளத்தில் சிக்கியவரைக் காப்பாற்றுவதல்லவா என்று கேட்கிறார்கள். அடகு வைத்த நகையையும் மீட்கிறோம், ஆக்கிரமித்த நிலத்தையும் மீட்கிறோம். நம்முடையதாக இருந்து கைவிட்டுப் போனது திரும்பக் கைக்கு வருவதுதான் அங்கெல்லாம் பொருள். ஓடைக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எது?

‘சமூகத் தலைமையிலான’ என்பதையும் விடமாட்டேன். பேச்சுவழக்கில் ‘எங்க சமூகம்’ என்றால் பெரும்பாலும் சாதிதான். மேலோடையில் ஒரு தெருவும் கீழோடையில் இன்னொரு தெருவும் இருக்கும் ஊரில் இந்தச் சொல்லோடு போய்க் கூட்டம் போட்டால், பணம் எந்தத் தெருவுக்கு என்ற கேள்விதான் முதலில் எழும். ஊரார் என்ற சொல் எல்லாத் தெருவையும் சேர்த்துக்கொள்ளும். ‘ஊரார் முன்னின்று நடத்தும் ஓடை மீட்புக்கு நிதி’ என்று எழுதுங்கள். படிவத்தை வாசித்துக் காட்ட ஆள் தேவைப்படுபவருக்கும் அது ஒரே மூச்சில் புரியும்.